ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை: டர்போவா, வேறு ஏதாவதா?

நாலாம்கியர்:
எல்லோருக்கும் வணக்கம். டர்போ டீசல் கார், ஐந்து கியர் மேனுவல். கையேட்டில் 4000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்று) 75 பிஎஸ் பவர், 2000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர் டார்க் (திருகு விசை) என்று போட்டிருக்கிறது. ஓடியது ஒரு லட்சத்து இருபதாயிரம் கி.மீ.க்கு மேல்.

பிரச்சினை ஏற்றத்தில்தான். சமதளத்தில் மெதுவாகப் போனால் ஒரு குறையும் தெரியாது. நாலாவது, ஐந்தாவது கியரில் போகும்போது ஏற்றம் வந்து ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் சத்தம் கூடுகிறது, ஆர்பிஎம் முள் விறுவிறுவென்று மேலே போகிறது, ஆனால் வண்டி அதே வேகத்திலேயே ஊர்கிறது. முதல் இரண்டு கியர்களில் இழுவை பழையபடி நன்றாகவே இருக்கிறது.

மெக்கானிக் ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டையும் மாற்றிப் பார்த்தார், பலன் இல்லை. இப்போது டர்போ போய்விட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்கிறார். கிளட்ச்சாக இருக்குமோ என்று கேட்டேன். கியர் சிக்காமல் விழுகிறது, அதனால் கிளட்ச்சில் ஒன்றும் இல்லை என்றார். கருப்புப் புகை இல்லை, இன்ஜின் விளக்கும் எரியவில்லை. டர்போ பெரிய செலவு, மாற்றுவதற்கு முன் யாராவது வழி சொல்லுங்கள்.

ஆயில்கேன்:
காற்றை அழுத்தி இன்ஜினுக்குத் தள்ளும் டர்போவுக்கும், அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் போகும் ரப்பர் ஹோஸைப் பார்த்தீர்களா? அதில் கீறல் விழுந்தால் காற்று வெளியே போய்விடும், பிக்கப் செத்துவிடும். மிதிக்கும்போது ‘உஸ்’ என்று சத்தம் வரும். என் வண்டியில் அதுதான் நடந்தது, கிளிப் ஒன்று தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

கிரீஸ்கை:
ஆயில்கேன் சார், ஹோஸ் கிழிந்தாலோ டர்போ போனாலோ இன்ஜினுக்கே மூச்சு குறையும். அப்போது ஆர்பிஎம் முள்ளும் சேர்ந்து திணறும், ஏற்றத்தில் முள்ளும் வேகமும் ஒன்றாகவே இறங்கும். இவர் சொல்வது அதற்கு நேர் எதிர். முள் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. அப்படியென்றால் இன்ஜின் உற்பத்தி செய்கிறது, அது சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

நாலாம்கியர், மேனுவல் வண்டியில் கிளட்ச் முழுதாகப் பிடித்திருந்தால் இன்ஜினும் சக்கரமும் பற்சக்கரங்களால் கட்டிப்போட்டவை. ஒரே கியரில் 60 கி.மீ. வேகத்துக்கு இத்தனை ஆர்பிஎம் என்றால், அது ஏற்றமோ இறக்கமோ, முழுதாக மிதித்தாலோ லேசாக மிதித்தாலோ மாறவே கூடாது. மாறினால் நடுவில் ஏதோ வழுக்குகிறது, அது கிளட்ச்தான். ஆள் இல்லாத சாலையில், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள். சமதளத்தில் நாலாவது கியரில் லேசாக மிதித்து 60 கி.மீ.யில் என்ன காட்டுகிறது, ஏற்றத்தில் அதே கியர் அதே 60-ல் முழுதாக மிதித்தால் என்ன காட்டுகிறது என்று இரண்டையும் எழுதுங்கள். ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூடக் காட்டினாலும் பரவாயில்லை, நமக்கு வேண்டியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

அப்புறம் அந்த மெக்கானிக் சொன்ன காரணம் சரியில்லை. கியர் சுலபமாக விழுகிறது என்றால் பெடலை மிதித்ததும் கிளட்ச் நன்றாக *விடுகிறது* என்று மட்டுமே பொருள். காலை எடுத்ததும் நன்றாக *பிடிக்கிறதா* என்பது வேறு கேள்வி. தேய்ந்துபோன கிளட்ச்சிலும் கியர் அருமையாக விழும்.

ஆயில்கேன்:
சரிதான், முள்ளைப் பற்றி அவர் எழுதியதை நான் கவனிக்கவில்லை. ஆனால் ஒன்று இடிக்கிறது. முதல் கியரில்தானே சக்கரத்தில் விசை அதிகம்? கிளட்ச் வழுக்குவதானால் அங்கேதானே முதலில் வழுக்கவேண்டும்?

கிரீஸ்கை:
நல்ல கேள்வி, பலருக்கும் இங்கேதான் குழப்பம். கிளட்ச் உட்கார்ந்திருப்பது கியர்பாக்ஸுக்கு முன்னால். முதல் கியர் விகிதம் சுமார் 3.5, சக்கரத்துக்கு முந்தைய கடைசிப் பற்சக்கர ஜோடியான ஃபைனல் டிரைவ் இன்னொரு 3.5 என்று வைத்தால் 190 நியூட்டன் மீட்டர் சக்கரத்துக்குப் போகும்போது உராய்வு நஷ்டம் நீங்கலாக 2300-க்கு மேல் ஆகும். ஆனால் அந்தப் பெருக்கல் எல்லாம் கிளட்ச்சைத் தாண்டிய பிறகு நடப்பது. எந்தக் கியரானாலும் கிளட்ச் தாங்கவேண்டியது இன்ஜின் கொடுக்கும் டார்க்கை மட்டும்தான்.

முதல் கியரில் வண்டி சட்டென்று வேகம் எடுத்துவிடுகிறது. முள் வேகமாக ஏறும்போது டார்க்கில் ஒரு பங்கு கிளட்ச் பிளேட் பிடித்துக்கொள்ளும் கனமான இன்ஜின் சக்கரமான ஃப்ளைவீலையும் கிராங்க் தண்டையும் சுழற்றவே செலவாகும், அந்தப் பங்கு கிளட்ச் பக்கமே வராது. டர்போவுக்கும் அழுத்தம் சேர்க்க நேரம் கிடைப்பதில்லை, அதற்குள் அடுத்த கியர். நாலாவது கியரில் ஏற்றத்தில் வண்டி அசைய மறுக்கும், ஆர்பிஎம் 2000 பக்கத்திலேயே நிற்கும், டர்போ முழு அழுத்தம் கொடுக்கும், முழு 190-உம் கிளட்ச் பிளேட் மேல் வந்து இறங்கும், அதுவும் தொடர்ந்து. அதனால்தான் வழுக்கல் எப்போதும் மேல் கியரில்தான் முதலில் தலைகாட்டும்.

நாலாம்கியர்:
நண்பனோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சமதளத்தில் 60-ல் 1800 ஆர்பிஎம். ஏற்றத்தில் முழுதாக மிதித்தபோது அதே 60-ல் 2500 வரை போனது, கால் எடுத்ததும் பொத்தென்று 1800-க்கு இறங்கியது. இறங்கி நின்றபோது கருகிய வாடை, பிரேக் வாடை மாதிரி.

கிரீஸ்கை:
முடிந்தது. டர்போவைத் தொடாதீர்கள்.

கணக்காகவே பார்க்கலாம். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். உங்கள் பிளேட்டால் இப்போது 130 நியூட்டன் மீட்டர்தான் பிடிக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். வழுக்கும் கிளட்ச்சில் டார்க் இரண்டு பக்கமும் ஒன்றே, தொலைவது சுற்று மட்டும். இன்ஜின் பக்கம் 2500 சுற்று, 34 கிலோவாட். கியர்பாக்ஸ் பக்கம் 1800 சுற்று, 24.5 கிலோவாட். மீதி ஒன்பதரை கிலோவாட் எங்கே? பிளேட்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவில் சூடாகப் போகிறது. ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டி ஒன்பதை ஒன்றாகப் போட்டது போல அந்தச் சின்ன வளையத்தின் மேல். நீங்கள் மோந்தது அதைத்தான். இனி முழுதாக மிதித்துச் சோதிக்க வேண்டாம், ஃப்ளைவீல் கெட்டுவிடும். பட்டறைக்குப் போகும்வரை ஏற்றத்தில் ஒரு கியர் இறக்கி, ஆக்சிலரேட்டரைப் பாதி மட்டும் மிதித்து ஓட்டுங்கள்.

புதுலைசென்ஸ்:
அண்ணே, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டு வண்டி ஆட்டோமேட்டிக், சிவிடி. மிதித்தால் இதேபோல ஆர்பிஎம் முதலில் போகிறது, வேகம் பின்னால் வருகிறது. அதுவும் வழுக்கலா?

கிரீஸ்கை:
இல்லை தம்பி. சிவிடியில் விகிதம் நிலையானது இல்லை, இன்ஜினை அதிக பவர் கிடைக்கும் சுற்றில் நிறுத்திவைத்து விகிதத்தை மாற்றிக்கொண்டே போகும், அது அதன் வேலை. எண்ணெய் வழியாகச் சுழற்சியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்கிலும் லாக் ஆகும்வரை கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும். நான் சொன்ன சோதனை மேனுவலுக்கு மட்டும்.

பெல்ஹவுசிங்:
கியர்பாக்ஸை இறக்கும் முன் பெடலைப் பாருங்கள். கேபிள் கிளட்ச் என்றால் பெடல் மேலே கொஞ்சம் சும்மா ஆடவேண்டும். ஆட்டமே இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தால் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் லேசாக அழுத்திக்கொண்டே இருக்கும், பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்தும் பிரஷர் பிளேட் முழுதாகப் பிடிக்காது. பிளேட் இன்னும் தேயாமல் இருந்தால் அட்ஜஸ்ட் செய்வதோடு வேலை முடிந்துவிடும். ஹைட்ராலிக் என்றால் பெடல் முழுதாகத் திரும்பி வருகிறதா, கால்மிதி ஏதாவது மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். இறக்கினால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பொருளை விட இறக்கி ஏற்றுவதுதான் பெரிய வேலை, பேரிங்குக்காக மறுபடி இறக்குவது பைத்தியக்காரத்தனம். கிராங்க் பின்பக்க ஆயில் சீலையும் விட்டுவிடாதீர்கள்.

நாலாம்கியர்:
பெடல் சரியாகத்தான் இருந்தது, ஹைட்ராலிக். வேறு பட்டறையில் கொடுத்து இறக்கியாயிற்று. பிளேட் ஒரு பக்கம் ரிவெட் தலை வரை தேய்ந்திருக்கிறது, இன்னொரு பக்கம் கறுப்பாக எண்ணெய் பூசினமாதிரி மின்னுகிறது. கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் அடியிலும் ஈரம், சீல் கசிந்திருக்கிறது. சீலோடு சேர்த்து எல்லாம் மாற்றச் சொல்லிவிட்டேன். ஒரே சந்தேகம், ஃப்ளைவீலில் அங்கங்கே நீலமாகப் புள்ளிகள். அதையும் மாற்றவேண்டுமா?

பெல்ஹவுசிங்:
நீலம் என்றால் அந்த இடம் மிகவும் சூடேறியிருக்கிறது. நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மேடு பள்ளம் இல்லாமல் நிறம் மட்டும்தான் என்றால் உப்புத்தாள் போட்டு, எண்ணெய் துளியும் இல்லாமல் கிளீனரால் துடைத்து மாட்டலாம். நகம் தட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் லேத்தில் முகம் கடையவேண்டும், விரிசல் தெரிந்தால் மாற்றியே ஆகவேண்டும். உங்களுடையது ஒற்றை ஃப்ளைவீலா, இரண்டு துண்டாக இருக்கும் டூயல் மாஸா என்று கேளுங்கள். டூயல் மாஸ் என்றால் உள்ளே ஸ்பிரிங் இருக்கும், அதைப் பெரும்பாலும் கடைய மாட்டார்கள். கையால் திருகிப் பார்த்து ஆட்டம் கம்பெனி சொன்ன அளவைத் தாண்டினால் புதிது போடுவதுதான் வழி.

புது பிளேட் படியும்வரை, சில நூறு கி.மீ.க்கு, ஏற்றத்தில் முழு மிதி வேண்டாம். ஏற்றத்தில் நிற்கும்போது பாதி கிளட்ச்சில் தாங்காமல் ஹாண்ட் பிரேக் போடுங்கள். மாற்றி ஓட்டிப் பார்த்ததும் 60-ல் என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள், ஏற்றத்திலும் 1800-தான் வரவேண்டும்.