கைப்பிடி வலு குறைவது மறதிநோயின் முன்னறிகுறியா?

வைகைக்கரை:
என் தாயாருக்கு வயது 71. ஈரப் போர்வையைப் பிழிந்து கொடியில் போடுவதும் குக்கர் மூடியைத் திறப்பதும் சென்ற பொங்கல் வரை அவருக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. இப்போது நீர் சொட்டச் சொட்டத் துணியை அப்படியே கொடியில் போட்டுவிடுகிறார். ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துத் திறந்து வாங்குகிறார். நினைவாற்றலில் பெரிய பழுது ஏதும் எனக்குத் தென்படவில்லை. சொன்ன செய்தியையே மறுபடியும் சொல்வதுண்டு. அதை நானும்தான் செய்கிறேன். கைவலு குறைந்தால் டிமென்ஷியா என்னும் மறதிநோய் வரும் என்று ஒரு காணொளியில் கேட்டதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. இதில் எவ்வளவு உண்மை?

பிசியோ_திருச்சி:
தொடர்பு இருப்பது உண்மை. "வரும்" என்று அடித்துச் சொல்வதுதான் பிழை. சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டிமென்ஷியா இல்லாத 900க்கும் மேற்பட்ட முதியோரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட முடிவில், தசைவலு மிகுந்தவர்களுக்கு டிமென்ஷியாவின் மிகப் பரவலான வகையான அல்சைமர் நோய் வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. பிரிட்டனில் சுமார் 1,90,000 பேரின் தரவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வும் கைப்பிடி வலுவைப் பற்றி அதையே சொன்னது. ஒரு பொருளை இறுகப் பிடிப்பது தசையின் வேலை மட்டுமன்று. மூளையிலிருந்து கட்டளை தடையின்றி வந்து சேர வேண்டும். சர்க்கரையாலும் ரத்தக் கொதிப்பாலும் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுதுபடும்போது நடை, பிடி, சிந்தனை வேகம் மூன்றும் சேர்ந்தே தளரக்கூடும்.

கையால் அழுத்தி அளக்கும் டைனமோமீட்டர் பல பிசியோதெரபி நிலையங்களில் இருக்கும். ஆசியர்களுக்கென 2019இல் வகுக்கப்பட்ட வரையறைப்படி ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருந்தால் வலுக்குறைவு. இது தசைத் தேய்வுக்கான எல்லைக்கோடே தவிர மறதிக்கானது அன்று. வீட்டிலேயே, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். விழுந்துவிடாமல் அருகிலேயே நில்லுங்கள்.

எண்_கணக்கு:
எது காரணம், எது விளைவு என்பதை இவ்வாய்வுகள் தீர்த்து வைப்பதில்லை. லண்டன் அரசு ஊழியர்களை 28 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வில், டிமென்ஷியா கண்டறியப்படுவதற்கு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்நோயாளிகளின் உடலுழைப்பு குறையத் தொடங்கியிருந்தது. ஆகவே நோய் உள்ளுக்குள் தொடங்கிவிட்டதால்கூட உடல் தளரலாம். கையைக் காட்டிலும் நடையைப் பாருங்கள் என்பேன். நடை மெதுவாவதும் மறதி பற்றிய முறையீடும் சேர்ந்திருந்தால் அபாயம் கூடுதல் என்று நியூயார்க்கைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஜோ வர்கீஸ் 2013இல் அதற்கொரு வரையறையே வகுத்தார். கோழிக்கோட்டு முதியோரிடமும் அவர் குழு இதை ஆராய்ந்தது.

காவிரி_மகள்:
மறதிநோயின் தொடக்கம் என்று என் தந்தையாரைப் பற்றி வீடே பேசிக்கொண்டிருந்த ஆறு மாதத்தில், அவருடைய வலது கட்டைவிரலின் அடிமேடு வற்றிக் குழி விழுந்துவிட்டது. மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருந்ததுதான் காரணம். இரவில் கை மரத்து, அவர் எழுந்து உதறிக்கொண்டிருந்ததை நாங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை. உங்கள் தாயாருக்குக் கை மரக்கிறதா, ஒரு கையில் மட்டும் தளர்ச்சியா என்று முதலில் கேளுங்கள். திடீரென்று ஒரு கை மட்டும் சோர்ந்தால் அது பக்கவாதமாகவும் இருக்கலாம். அப்போது ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு, வைட்டமின் பி12 இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

வைகைக்கரை:
அனைவருக்கும் நன்றி. நாற்காலிச் சோதனையில் 14 வினாடி ஆனது. "எதற்கடா என்னைத் தோப்புக்கரணம் போட வைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, எண்ணிக்கையை அம்மாவே பிழையின்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். டைனமோமீட்டரில் வலது கை 15 கிலோ, இடது கை 16. கை மரப்பதில்லை, ஆனால் பல்வலிக்குப் பயந்து நான்கு மாதமாக இரவில் வெறும் கஞ்சியோடு நிறுத்திக்கொள்கிறார் என்பது விசாரித்த பிறகே தெரிந்தது. வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனை. அதற்கு முன் பல் மருத்துவர்.