ஆல்ஜினேட் மணியில் வெள்ளி நானோதுகள்: மூன்றாம் சுற்றில் மணி குழைகிறது

கேள்வி: 2% சோடியம் ஆல்ஜினேட்டை (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்) 2% கால்சியம் குளோரைடில் சொட்டுவிட்டு மணி, அதாவது சிறு கூழ் உருண்டை, எடுக்கிறேன். சில்வர் நைட்ரேட்டில் போட்டதுமே வெண்கலங்கல். பிறகு சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்கினால் (வெள்ளி அயனியை உலோக வெள்ளியாக்கினால்) பழுப்பாகிறது. இந்த மணியை வினையூக்கியாகப் போட்டு, போரோஹைட்ரைடும் சேர்த்தால், கழிவுநீர் மாசான 4-நைட்ரோஃபீனாலின் மஞ்சள் நிறம் இரண்டு சுற்று நன்றாகப் போகிறது. மூன்றாவதில் மணி உப்பிக் குழைகிறது. எங்கே தவறு?

பதில் 1: கலங்கல் சில்வர் குளோரைடு. மணிக்குள் தங்கிய குளோரைடு வெள்ளியைப் பிடித்துக்கொள்கிறது. குளோரைடுக்குப் பதில் கால்சியம் நைட்ரேட் எடுங்கள். கழுவ வாலைவடிநீர் மட்டும். குழாய்த் தண்ணீரிலும் குளோரைடு உண்டு.

பதில் 2: உப்புவதற்குக் காரணம் சோடியம். மணியை இறுக்கிப் பிடித்திருப்பது கால்சியம் அயனி. ஒவ்வொரு சுற்றிலும் போரோஹைட்ரைடோடு வரும் சோடியம் அதை வெளியே தள்ளுகிறது. சுற்று முடிந்ததும் கழுவி, கால்சியம் நைட்ரேட்டில் அரைமணி நேரம் ஊறவையுங்கள். பாஸ்பேட், சிட்ரேட் கலந்த கழிவுநீர் என்றால் ஆல்ஜினேட்டே வேண்டாம், அவை கால்சியத்தை உருவி மணியைக் கரைத்துவிடும். குறுக்கிணைத்த (இழைகளை வேதிப்பிணைப்பால் கட்டிய) கைட்டோசான், அதாவது இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள், நல்லது.

கேள்வி கேட்டவர்: நன்றிங்க. மணி மேலே மிதக்கிறதே, அது?

பதில் 2: ஹைட்ரஜன் குமிழி ஒட்டியிருக்கும். மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருங்கள். போரோஹைட்ரைடை ஐஸ் போட்டுக் குளிர்வித்த நீரில் அவ்வப்போது புதிதாகக் கரையுங்கள்.

பதில் 1: மஞ்சள் போனதை மட்டும் நம்பாதீர்கள். ஒளி உறிஞ்சலை அளக்கும் நிறமாலைமானியில் 400 நானோமீட்டரில் உள்ள நைட்ரோஃபீனால் உச்சி இறங்கும்போது, 300-இல் வினையின் விளைபொருளான அமினோஃபீனால் உச்சி எழ வேண்டும். ஒப்பிட, வெள்ளி இல்லாத மணியையும் கூடவே ஓட்டுங்கள்.