மறு: ‘ட்ரேட்மார்க் ஸ்குவாட்டிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

கல்முனையிலிருந்து எழுதுகிறேன். ஒருவரின் வியாபாரக் குறியை (ட்ரேட்மார்க்: கடை, சரக்கின் அடையாளப் பெயர்) இன்னொருவர் வேறொரு நாட்டில் தன் பெயரில் பதிந்துகொள்வதைத்தான் ‘ட்ரேட்மார்க் ஸ்குவாட்டிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தீர்கள். சென்னை நண்பரின் ‘முந்துபதிவு’, வாழைச்சேனை அண்ணனின் ‘குறிப்பறிப்பு’ இரண்டையும் யோசித்துப் பார்த்தேன்.

முந்திப் பதிவது குற்றமில்லை. சீனாவில் சட்டமே பொதுவாக முந்திப் பதிந்தவர் பக்கம்தான். வியாபாரக் குறி போன்ற உரிமைகளுக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பாரிஸ் உடன்படிக்கையின்படி, இலங்கையில் வியாபாரக் குறிக்கு விண்ணப்பித்தவர் 6 மாதத்துக்குள் இன்னோர் உறுப்பு நாட்டில் விண்ணப்பித்தால், இங்கே கொடுத்த முதல் திகதியே அங்கும் செல்லும். அதுவும் முந்துவதுதான், உரிமைக்காரர் முந்துவது. ‘முந்திப் பதியுங்கள்’ என்று நம் வியாபாரிகளிடம் மன்றாட வேண்டிய நேரத்தில், அந்தச் சொல்லைக் களவெடுப்பவனுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. ‘குறிப்பறிப்பு’ காதுக்கு நல்லது, ஆனால் வாசிக்கும்போது ‘குறி + பறிப்பு’ என்றல்லாமல் ‘குறிப்பு’ என்றே கண் பிரித்துவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் ‘அடாத்தாகக் காணி பிடித்திட்டான்’ என்போம். உரிமை இல்லை என்று தெரிந்தே உள்ளே போய் வேலி போடுவது. அதனால் ‘அடாத்துப் பதிவு’ என்கிறேன்.

காணியோடு பொருத்தம் மேலோட்டமானதல்ல. இலங்கையில் தனியார் காணியை எதிரிடையாக 10 ஆண்டு தொடர்ந்து ஆண்டவர் உரிமை கோரலாம். சீனாவில் குறி பதிவாகி 5 ஆண்டு கடந்தால், முந்தைய உரிமையைக் காட்டி அதை நீக்கக் கேட்பது பெரும்பாலும் முடியாது. பரவலாக அறியப்பட்ட குறியைக் கெட்ட எண்ணத்தோடு பதிந்திருந்தால் மட்டும் அந்தக் கெடு இல்லை. நம் ஊர்ச் சிறு வியாபாரியின் பெயர் அங்கே யாருக்குத் தெரியும்?

மருதமுனைக் கைத்தறிச் சாரம் (லுங்கி) விற்கும் ஒருவர், தன் கடைப் பெயர் போட்ட பைகளைச் சீனத் தொழிற்சாலை ஒன்றில் செய்விக்கிறார் என்று வையுங்கள். இலங்கைப் பதிவு இலங்கைக்குள் மட்டும்தான். அந்தப் பெயரை அங்கே வேறொருவர் பைகளுக்குப் பதிந்து சுங்கத்திலும் பதிவு செய்துவிட்டால், நம் சாரக்காரரின் சொந்தச் சரக்கையே ஏற்றுமதியில் தடுக்க வழி உண்டு. சீனச் சுங்கம் உள்ளே வருவதை மட்டுமல்ல, வெளியே போவதையும் பார்க்கிறது. ஆகவே பையின் மாதிரிப் படத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் முன்பே அங்கே விண்ணப்பிக்க வேண்டும், சீன எழுத்தில் ஒரு பெயரையும் சேர்த்து. இது நடக்கக்கூடிய ஆபத்து என்று நெசவுக்காரருக்கு உறைக்க வேண்டும். அதற்குத்தான் இந்தச் சொல்.

 

தமிழ்நாட்டு வாசகருக்கு ‘அடாத்து’ புதிதாக இருக்கலாம். ஆனால் ‘அடாது செய்தவன் படாது படுவான்’ தெரிந்தவருக்கு விளங்காமல் போகாது.

– கல்முனையிலிருந்து

*

தம்பி, சரி. என் ‘குறிப்பறிப்பை’ விட்டுவிடுகிறேன். ஒன்றைக் கவனியும்: ஆளைக் குறிக்க ‘அடாத்துப் பதிவாளர்’ என்று எழுதினால் பதிவு அலுவலரையே திட்டியதாகிவிடும். ‘அடாத்துப் பதிவுகாரர்’ என்று வைப்போம். 2019இல் சீனா சட்டத்தைத் திருத்தி, பயன்படுத்தும் நோக்கமின்றிக் கெட்ட எண்ணத்தோடு வரும் விண்ணப்பங்களை மறுக்கச் செய்ததே, அந்தக் ‘கெட்ட எண்ணத்தை’யும் வரையறையில் சேரும்.

– வாழைச்சேனையிலிருந்து

*

சேர்த்துவிட்டேன், அண்ணன். நம் குழுவின் சொற்பட்டியலுக்கு:

அடாத்துப் பதிவு: ஒருவர் பயன்படுத்திவரும் வியாபாரக் குறியை, அது அவருடையது என்று அறிந்தே, கெட்ட எண்ணத்தோடு இன்னொருவர் வேறொரு நாட்டில் தன் பெயரில் பதிதல்.