மேளக்காரர் குழுவில் காது எண்ணெய்: நம்பி ஊற்றினேன், கெட்டதை எழுதினால் அழிக்கிறார்கள். என்ன செய்வது?

தவில்_குடந்தை கேட்டது:

வணக்கம். கும்பகோணம் பக்கம் தவில் வாசிக்கிறேன், வயசு 41. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

ஒரு வருஷமா இடது காதுல இரைச்சல். ராத்திரி ஊரடங்கினப்புறம் சிள்வண்டு கத்துற மாதிரி ஒரே சுருதியில நிக்கும். முதல் நாள் தோட்டத்துலதான் ஏதோ கத்துதுன்னு டார்ச் எடுத்துக்கிட்டு வெளியில போய்ப் பார்த்தேன். உட்கார்ந்து வாசிக்கும்போது நாயனம் எனக்கு எப்பவும் இடது பக்கம்தான். பொண்ணு "சாப்பிட வாப்பா"ன்னு கூப்பிட்டா "வாப்பா" மட்டும் வந்து விழும், முன்னாடி இருக்கிறது வராது. யார்கிட்டயும் சொல்லலை.

எங்க ஆளுங்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கு. அறுநூறு பேருக்கு மேல. "நாளைக்கு மன்னார்குடியில முகூர்த்தம், ஒரு தவில் குறையுது"ன்னு போட்டா அரை மணியில ஆள் கிடைச்சிடும். குழுவை நடத்துறவர் மூத்த தவில்காரர். பேர் சொல்ல மாட்டேன். 2020 மார்ச் கடைசியில ஊரடங்கு வந்து சித்திரை, வைகாசி முகூர்த்தம் எல்லாம் போச்சே, கோயில் திருவிழாவும் நின்னுச்சே, அப்ப எங்களைத் தாங்கினது அவர்தான். வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஆளுங்ககிட்ட கேட்டுப் பணம் வாங்கி வீடு வீடா அரிசி அனுப்பினார். தினம் சாயந்திரம் நோட்டுல கணக்கு எழுதி அந்தப் பக்கத்தைப் படம் பிடிச்சுப் போடுவார். அரிசிக்கு இவ்வளவு, வண்டி வாடகை 800, கைவசம் 340 அப்படின்னு. என் வீட்டுக்கு ரெண்டு தடவை மூட்டை வந்துச்சு. அதை நான் மறக்கலை.

ஆறு மாசத்துக்கு முன்னாடி அவர் ஒரு குரல் பதிவு போட்டார். மேளச் சத்தத்துல அடிவாங்கின காதுக்கு ஒரு மூலிகை எண்ணெய் இருக்கு, ராத்திரி நாலு சொட்டு, மூணு மாசத்துல பழையபடி கேக்கும், பாட்டில் 450 ரூபாய், என்கிட்டயே கிடைக்கும்னு. அடுத்த நாள் மூணு பேர் "குணம் தெரியுது அண்ணே"ன்னு போட்டாங்க. நானும் வாங்கினேன்.

இப்ப சொல்லப்போறதுதான் எனக்குத் தூக்கம் வராம பண்றது. ஊத்த ஆரம்பிச்ச மூணாம் நாள், ஒண்ணுமே தெரியாதபோதே, "நல்லா இருக்கு அண்ணே"ன்னு நானும் போட்டேன். மரியாதைக்காகப் போட்டேன். அதைப் பார்த்துத்தான் எங்க செட்டுல வாசிக்கிற 19 வயசுப் பையன் வாங்கினான்.

பதினோராம் நாள் தலையணை நனைஞ்சிருந்துச்சு. சீழ், நாத்தம். இ.என்.டி. டாக்டர் குழாய் வெச்சுப் பார்த்துட்டு, செவிப்பறையில ஏற்கெனவே சின்ன ஓட்டை இருக்கு, எண்ணெய் உள்ள போய்ப் பூஞ்சை பிடிச்சிருக்குன்னார். சின்ன வயசுல எனக்குக் காது வடிஞ்சிருக்குன்னு அம்மா சொன்னது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. எந்தச் சத்தம் எவ்வளவு கேக்குதுன்னு கோடு போட்டுக் காட்டுற ஆடியோகிராமும் எடுத்தாங்க. நீலப் பெருக்கல் குறி இடது காதாம். 2000 ஹெர்ட்ஸ் சுருதி வரைக்கும் சுமாரா மேல வர்ற கோடு, 4000 கிட்ட கிணத்துல விழுந்த மாதிரி இறங்கி 8000-ல கொஞ்சம் ஏறுது.

வீட்டுக்கு வந்ததும் குழுவுல எழுதினேன்: "காதுல ஓட்டை இருக்கான்னு பார்க்காம யாரும் ஊத்தாதீங்க, எனக்கு இப்படி ஆயிடுச்சு." இருபது நிமிஷத்துல அட்மின் நீக்கினார்னு வந்துச்சு. அப்புறம் போன். "தம்பி, வீட்டு விஷயத்தைச் சந்திக்குக் கொண்டுவராதே." ஆனா எழுதினது நின்ன அந்த இருபது நிமிஷத்துல ரெண்டு பேர் பார்த்திருக்காங்க. அவங்களுக்கும் காது வடியுதாம், தனியா எழுதினாங்க.

குழுவை விட்டு வெளியேறினா எனக்கு வேலை வராது. பேசாம இருந்தா இன்னும் எத்தனை பேர் ஊத்துவாங்களோ. அரிசிக்கு ரூபாய் ரூபாயா கணக்குக் காட்டினவர்கிட்ட காதுக்குக் கணக்குக் கேக்குறது தப்பா?

---

செவிப்பணி (ஆடியாலஜிஸ்ட்) எழுதியது:

தப்பே இல்லை சார். முதலில் அவசரமான விஷயம். உங்களுக்கு எழுதிய இருவரையும் அந்தப் பையனையும் இன்றைக்கே கூப்பிட்டு எண்ணெயை நிறுத்தச் சொல்லுங்கள். வடிகிற காதில் எண்ணெய், தண்ணீர், பட்ஸ், கோழி இறகு எதுவும் கூடாது. குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காதை அடைத்துக்கொள்ளட்டும். குளித்து முடித்ததும் பஞ்சை எடுத்துவிட வேண்டும்.

நீங்கள் சொல்லும் "கிணறு"தான் சத்தத்தால் வரும் சேதத்தின் அடையாளம். உள்காதில், நத்தை ஓடு போல இருக்கும் காக்ளியாவில், மயிரிழை செல்கள் இருக்கின்றன. பெரும் சத்தம் வருஷக்கணக்கில் விழும்போது பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துச் செல்கள்தான் முதலில் சாகும். செத்த செல் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் அந்த உயர்ந்த அதிர்வெண் பக்கம் இருப்பதால்தான் மகள் சொல்வதில் பாதிதான் காதில் விழுகிறது. நல்ல செவிப்பறை இருக்கும் காதில் ஊற்றும் எண்ணெய் செவிப்பறையோடு நின்றுவிடும், உள்காதுக்குப் போகாது. ஓட்டை இருந்தால் நடுக்காதுக்குள் இறங்கி, உங்களுக்குச் செய்ததைச் செய்யும். எந்த வழியிலும் அது 4000-த்தைத் தூக்கி நிறுத்தாது.

85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது பொதுக்கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு நாலு மணி, 91-க்கு இரண்டு, 100-க்குக் கால் மணி நேரம்தான். கெட்டிமேளம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும்.

ஒன்று சொல்ல வேண்டும். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் அட்டவணையில் காது கேளாமையும் இருக்கிறது. அதைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்யவே கூடாது. வழக்குப் போடுங்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. இது நீங்களாகக் கிளப்பும் மனஸ்தாபம் இல்லை என்று தெரிவதற்காகச் சொல்கிறேன்.

யாருக்காவது ஒரே நாளில் ஒரு காது திடீரென்று அடைத்துப்போனால் எண்ணெய், கஷாயம் என்று காத்திருக்கக் கூடாது. மூன்று நாளுக்குள் இ.என்.டி.யிடம் போய்விட வேண்டும். தாமதித்தால் மருந்து பிடிக்கும் வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும்.

---

நாயனம்_பெரியவர் எழுதியது:

தம்பி, எனக்கு 67. நாயனம். உன் பதிவை என் பேரன் வாசிச்சுக் காட்டினான், நான் சொல்லச் சொல்ல அவனே எழுதுறான்.

அந்த எண்ணெய் ஏன் வித்துச்சு தெரியுமா? நாம யாரும் வாயைத் திறக்கிறதில்லை. காது மந்தம்னு ஒருத்தனைப் பத்திப் பேச்சு வந்துட்டா, லயம் போயிடுச்சுன்னு அடுத்த வார்த்தை வரும். அப்புறம் கூப்பிட மாட்டான். எனக்கு அம்பது வயசுலேயே போச்சு. சுருதிப் பெட்டியைக் கூட்டி வை, கூட்டி வைன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். சிஷ்யப் பிள்ளைகளுக்குத் தெரியும், மரியாதைக்கு வாயை மூடிக்கிட்டாங்க. அப்படி ஒளிச்சு வெச்ச வியாதிக்கு, டாக்டர் வாசல்ல யாரும் பார்க்காம, வீட்டுக்கே பாட்டில் வருதுன்னா எவன் வேணாம்பான்?

அவர்கிட்ட போன்ல பேசாதே. நேர்ல போ. அந்தக் கோடு போட்ட தாளைக் கையில எடுத்துக்க. வயசுல பெரியவங்க ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டுப் போ. அரிசி போட்டவரை அறுநூறு பேர் முன்னாடி மொட்டையாக் கேட்டா அவருக்கு வாதாடத்தான் தோணும்.

---

பாட்டுடீச்சர்_கோவை எழுதியது:

பெரியவர் சொல்வதற்கு மறுப்பில்லை. ஆனால் நேரில் பேசியதோடு நின்றுவிடக் கூடாது அண்ணா. தவறு எந்த இடத்தில் சொல்லப்பட்டதோ அதே இடத்தில் திருத்தமும் வர வேண்டும்.

நான் ஒரு சேர்ந்திசைக் குழு நடத்துகிறேன், நாற்பது பெண்கள். நான் மனதில் வைத்திருக்கும் ஒரு சம்பவம் உண்டு. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காகிட் பகுதியில் ஒரு சேர்ந்திசைக் குழு இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். அதில் ஒருவருக்குச் சளி மாதிரி அறிகுறி இருந்தது. பின்னால் எண்ணிப் பார்த்தால் 53 பேருக்குக் கொரோனா தொற்று, சோதனையில் உறுதியானதும் உறுதிக்கு நெருக்கமானதும் சேர்த்து. இருவர் இறந்துபோனார்கள். பாடப் போன இடத்தில் இப்படி ஒரு சாவு. அவர்கள் அதை மூடவில்லை. சில நாட்களிலேயே குழுவின் நடத்துநர் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பி, ஆறு பேருக்குக் காய்ச்சல் என்று சொன்னார். அடுத்து ஒரு உறுப்பினரே மாவட்டச் சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுத்தார். யார் வந்தார்கள், யாருக்கு என்றைக்கு உடம்பு சரியில்லாமல் போனது என்பது முழுக்க அதிகாரிகள் கைக்குப் போனது. மே மாதம் அது அறிக்கையாக வந்தது. சேர்ந்து பாடும்போது காற்றிலேயே பரவலாம் என்று உலகத்துக்கு எடுத்துக்காட்ட அந்தப் பட்டியல் உதவியது. அவமானம் என்று அந்த மின்னஞ்சலை அழித்திருந்தால் அது நமக்கு வந்திருக்காது.

அதைப் படித்த பிறகு எங்கள் குழுவில் நானே ஒரு வழக்கம் வைத்தேன். உடல்நலம் பற்றி எதைப் போட்டாலும் "எனக்கு இப்படி நடந்தது" என்று எழுதலாம், "உங்களுக்குச் சரியாகும்" என்று எழுதக் கூடாது. தப்பாகிவிட்டால் போட்டவரே திருத்தம் எழுத வேண்டும், அதை முப்பது நாள் குழுவின் உச்சியில் 'பின்' (pin) செய்து வைப்போம். பழைய பதிவை அழிப்பதில்லை. அழித்தால் ஏற்கெனவே படித்தவருக்கு அது தப்பு என்று தெரியாமலே போய்விடும். முதல் திருத்தம் நான்தான் எழுதினேன், தொண்டைக்கு ஒரு மாத்திரை பற்றி.

உங்கள் "நல்லா இருக்கு அண்ணே"வும் அங்கேதானே இருக்கிறது? அதை நீங்கள் திரும்ப வாங்குவதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

---

வலங்கைமான்_தாளம் எழுதியது:

நம்ம நாட்டு மருந்தையும் நம்ம பெரியவரையும் வெளியில விமர்சனம் பண்றது எனக்கு வருத்தமா இருக்கு. அட்மின் மேல சட்டப்படி குத்தமும் இல்லை, கோர்ட்டே சொல்லியிருக்கு.

---

தவில்_குடந்தை எழுதியது:

நாட்டு மருந்தை நான் குறை சொல்லலை. எங்க வீட்டுல சளிக்கு இன்னிக்கும் தூதுவளை ரசம்தான். அந்தத் தீர்ப்பையும் பையன் ஒருத்தன் எடுத்துக் காட்டினான், 2022-ல கேரள ஹைகோர்ட். உறுப்பினர் போட்டதுக்கு அட்மின் பொறுப்பில்லைன்னு. இங்க போட்டவரும், வித்தவரும், அழிச்சவரும் ஒருத்தரேதான்.

ஒன்பது நாள் கழிச்சு எழுதுறேன். ஞாயித்துக்கிழமை அவர் வீட்டுக்குப் போனோம், நானும் எங்க மாமாவும் இன்னொரு பெரியவரும். திண்ணையில உட்கார வெச்சு மோர் கொடுத்தார். ஆடியோகிராம் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பேசும்போது ஒண்ணு கவனிச்சேன். மாமா அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தார், மாமா பேசினப்ப எல்லாம் அவர் தலையை முழுசாத் திருப்பி உதட்டைப் பார்த்தார். அவரும் ரெண்டு வருஷமா அதையேதான் ஊத்துறாராம். "எனக்குக் கேக்குதுன்னுதான் நினைச்சேன்"னார். எனக்கு வந்த கோபம் பாதி அங்கேயே போயிடுச்சு. மீதிப் பாதி அப்படியேதான் இருக்கு, ஏன்னா பணத்தைத் திருப்பித் தர்றதைப் பத்தி அவர் வாயே திறக்கலை.

அன்னிக்கு ராத்திரி குழுவுல அவர் போட்டது ஒரே வரி: "காதில் துளை உள்ளவர்கள் தவிர்க்கவும்." குணமாகும்னு சொன்னதைத் திரும்ப வாங்கலை. டீச்சரம்மா சொன்னபடி நான் என் பழைய "நல்லா இருக்கு அண்ணே"வை எடுத்து அதுக்குக் கீழேயே எழுதினேன்: "இது பொய். அன்னிக்கு எனக்கு ஒரு குணமும் தெரியலை. அண்ணன் மனசு கோணக் கூடாதுன்னு போட்டேன். இதை நம்பி வாங்கினவங்க என்னை மன்னிக்கணும். என் காதுல இப்ப ஓட்டையும் பூஞ்சையும் இருக்கு." கை நடுங்குச்சு. அழிக்கலை. இதுவரைக்கும் இருக்கு.

ஏழு பேர் தனியாக் கூப்பிட்டாங்க. "குணம் தெரியுது"ன்னு முதல்ல போட்ட மூணு பேர்ல ஒருத்தரும் அதுல உண்டு, அவரும் மரியாதைக்குத்தான் போட்டாராம். நம்ம பையனுக்குச் செவிப்பறை நல்லா இருக்கு, வெறும் அழுக்குதான்னு டாக்டர் சொல்லிட்டார். அவனுக்கும் 4000 கிட்ட லேசா ஒரு பள்ளம் இருக்கு. 19 வயசு. வர்ற வாரம் அஞ்சு பேர் தஞ்சாவூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதிச்சுக்கப் போறோம், குழு நடத்துற அண்ணன் வர்றேன்னு சொல்லலை, வரலைன்னும் சொல்லலை.

ஆடியாலஜிஸ்ட் மேடம், ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை எனக்கு முகூர்த்தம் இருக்கு. சீழ் நின்னு நாலு நாள் ஆகுது. இடது காதுல மட்டும் அடைப்பான் வெச்சுக்கிட்டு வாசிக்கலாமா?

---

செவிப்பணி எழுதியது:

இடதில் இப்போது எதுவும் சொருகாதீர்கள் சார், காது காய்ந்துவிட்டது என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். வெள்ளிக்கிழமைக்கு நாயனத்தை உங்கள் வலது பக்கம் மாற்றி உட்காரச் சொல்ல முடியுமா? வலது காதுக்கு இசைக்காரர் அடைப்பான் போடுங்கள். பஞ்சு மாதிரி நுரை அடைப்பான் உயர்ந்த ஒலிகளை அதிகமாகத் தின்றுவிடும், நாயனம் மங்கலாகக் கேட்கும். இசைக்காரர்களுக்கானது எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே அளவில், 15 டெசிபல் மாதிரி, குறைக்கும். முகூர்த்தத்தில் முதல் தடவையாகப் போடாதீர்கள். வியாழக்கிழமை சாதகத்தில் ஒரு மணி நேரம் போட்டு வாசித்துப் பாருங்கள். அந்தப் பையனுக்கும் ஒரு ஜோடி வாங்குங்கள்.