குரங்கு கீறிய இடத்தில் சுண்ணாம்பு வேண்டாம்: மதுரைப் பக்கத்து அனுபவங்கள்

மதுரை புதூரிலிருந்து:

போன ஆடியில் அழகர்கோவில் போயிருந்தோம். பிரசாத தோசையை வாங்கிக்கொண்டு நூபுர கங்கைக்கு ஏறும் வழியில், அக்கா மகன் கையிலிருந்த பொட்டலத்தைக் குரங்கு பிடித்து இழுத்தது. பிள்ளை விடவில்லை. மணிக்கட்டில் கீறல் விழுந்து ரத்தம் கசிந்தது. ஒருவர் சுண்ணாம்பு தடவச் சொன்னார், இன்னொருவர் மஞ்சள் என்றார். "ஆஞ்சநேயர் தொட்டதற்கு ஊசியா?" என்று அக்காவின் மாமியார் தடுத்தார். அவருடைய பக்தியை மதிக்கிறேன். ஆனால் ரேபிஸ் என்ற வெறிநோய் நாய்க்கு மட்டும் உரிய நோயன்று. குரங்கு, கீரி, நரி, பூனை எதனிடமிருந்தும் வரலாம். அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை.

குழாயடியில் உட்காரவைத்து, கடையில் சோப்பு வாங்கி, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவினேன். பிள்ளை அழுதான், அக்கா போதும் என்று கெஞ்சினாள். கழுவும்போது அந்த நேரம் முடியவே முடியாதது போல இருக்கும். தயவுசெய்து குறைக்காதீர்கள். அந்த வைரஸைச் சுற்றியுள்ள கொழுப்புறையைச் சோப்பு சிதைத்துவிடுகிறது. சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் புண்ணை இன்னும் ரணமாக்கும், அவ்வளவுதான்.

அரசு மருத்துவமனையில் ரத்தத்தைப் பார்த்ததும் மூன்றாம் வகைக் காயம், அதாவது மிகக் கடுமையான வகை என்றார்கள். காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் என்ற, வைரஸை முடக்கும் எதிர்ப்பு மருந்தைச் செலுத்தினார்கள். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும் வரை உடலுக்கு அதுதான் காவல். தடுப்பூசியை இரு கைகளிலும் தோலுக்குள் போட்டார்கள். முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று மாமியார் பயந்துகொண்டிருந்தார். அந்தப் பழைய மருந்து நின்று பல ஆண்டுகள் ஆகின்றன.

மேலூர்ப் பக்கத்திலிருந்து:

எங்கள் ஊர் ஆலமரத்தில் பழந்தின்னி வௌவால்கள் தலைமுறை தலைமுறையாகத் தொங்குகின்றன. முனி காக்கும் மரம் என்பதால் யாரும் கல்லெறிவதில்லை. 2018இல் கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் நிபா வைரஸ் காய்ச்சல் வந்து 17 பேர் இறந்த செய்தியைக் கேட்டதும், மரத்தையே வெட்டவேண்டும் என்று சிலர் கிளம்பினார்கள். நான் எதிர்த்தேன். மரத்தை வெட்டினால் வௌவால்கள் கலைந்து ஊரெல்லாம் பரவுமே தவிர, ஒழிந்துபோகாது. இலுப்பை, ஆல் விதைகள் பரவ அவையும் உதவுகின்றன. நிபா வௌவாலின் எச்சிலிலும் சிறுநீரிலும் இருக்கக்கூடியது. எனவே கடித்துப் போட்ட கொய்யாவையும் மாம்பழத்தையும் எடுக்கக்கூடாது, மரத்தடியில் விழுந்து கிடக்கும் குட்டியை வெறுங்கையால் தூக்கக்கூடாது.

எனக்கு உண்மையான பயம் வேறு. மூச்சிரைப்புக்கு வௌவால் கறி நல்லது என்று இன்றும் வேட்டையாடி வருகிறார்கள். பிடிக்கும்போது கடிபடுகிறார்கள், அறுக்கும்போது ரத்தம் கையில் படுகிறது. அந்தக் கறியால் இரைப்பு தீர்ந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுக்கு இன்ஹேலர் வாங்கிக் கொடுத்த பிறகுதான் அவர் வீட்டில் அந்தப் பேச்சு நின்றது.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து:

எங்கள் வீட்டில் காய்ச்சல் எலி வழியாக வந்தது. வரப்பில் புல்லறுத்த தம்பிக்கு ஒரு வாரமாக விடாத காய்ச்சல், தலைவலி. டெங்கு இல்லை, டைபாய்டும் இல்லை. அக்குளில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருந்ததை டாக்டர்தான் கண்டுபிடித்தார். ஸ்க்ரப் டைபஸ். எலிகளிலும் புதரிலும் இருக்கும் நுண்ணிய ஒட்டுண்ணி கடித்து வருவது. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்ததும் இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது.

திருப்பரங்குன்றத்திலிருந்து:

அக்கா, ஒரு சந்தேகம். நாய் கடித்தால் பத்து நாள் அதைக் கவனிக்கச் சொல்வார்களே, குரங்குக்கும் அப்படிப் பார்த்துவிட்டு ஊசி போடலாமா?

மதுரை புதூரிலிருந்து:

கூடாது தம்பி. அந்தப் பத்து நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே. அவற்றுக்கும்கூட முதல் ஊசியை உடனே போட்டுவிட்டுத்தான் கவனிப்பார்கள். மலைமேல் இத்தனை குரங்குகளில் கீறியது எதுவென்று யார் அடையாளம் காட்டுவது? அன்றே போய்விடுங்கள்.