ஜெனரேட்டர் 190 வோல்ட்டைத் தாண்டவில்லை, அவசரம்

முகப்பு_விளக்கு: கானாடுகாத்தான் வீட்டில் அப்பச்சிக்கு அறுபதாம் சாந்தி. கரண்ட் போனதும் ஜெனரேட்டரைப் போட்டோம், 190 தான் காட்டுகிறது. வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) ஃபேன் தவழ்கிறது. ஏவிஆர் (வோல்ட்டேஜைச் சீராக வைக்கும் கருவி) மாற்ற வேண்டுமா?

பள்ளத்தூர்_வயர்மேன்: என்ன ஜெனரேட்டர் அண்ணே? எத்தனை கேவிஏ? 190 லோடு போட்டா, போடாமலா?

கண்டனூர்க்காரன்: சும்மாவே கிடந்திருக்கும், காந்தம் போயிருக்கும். ஃபீல்டு சுருளுக்கு (காந்தப்புலம் உண்டாக்கும் சுருள்) பேட்டரி கொடுங்கள்.

வோல்ட்சாமி: காந்தம் போனால் சில வோல்ட்டோடு நின்றிருக்கும், 190 எப்படி வரும்? பிளஸ் டூ இயற்பியலை யாரும் படிப்பதில்லை போல. 1831-லேயே ஃபாரடே காட்டியாச்சு, காந்தப்புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு வோல்ட்டேஜ். சுற்றும் வேகம் குறைந்தால் வோல்ட்டும் குறையும், ஹெர்ட்ஸும் குறையும். ஹெர்ட்ஸ் எவ்வளவு?

முகப்பு_விளக்கு: அது எங்கே பார்ப்பது? பழைய ஒற்றை சிலிண்டர் எஞ்சின், பெல்ட்டில் ஆல்டர்னேட்டர் (கரண்ட் உண்டாக்கும் பகுதி). லைட், ஃபேன் எல்லாம் ஓடுகிறது.

பள்ளத்தூர்_வயர்மேன்: பெல்ட்டா! இதை முதலிலேயே சொல்லக் கூடாதா? மல்டிமீட்டரில் ஹெர்ட்ஸ் இருந்தால் வையுங்கள். நாலு போல் (காந்த முனை), நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் 1500 × 4 ÷ 120 = 50 ஹெர்ட்ஸ். ஏவிஆர் இல்லாத மெஷினில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 என்றால் சுமார் 1240 சுற்று, 41 ஹெர்ட்ஸ். லோடிலும் கொஞ்சம் இறங்கும், அதனால் தோராயம்தான்.

கண்டனூர்க்காரன்: ஏவிஆர் திருகைத் திருப்பி 230 ஆக்கினால் போச்சு.

வோல்ட்சாமி: ஹெர்ட்ஸ் ரொம்ப இறங்கினால் பல ஏவிஆர்கள் தாமாகவே வோல்ட்டை இறக்கும், ஃபீல்டு சுருள் கருகாமல் இருக்க. அதோடு சண்டை போடச் சொல்கிறீர்களா? 41-இல் 230 கொடுத்தால் கிணற்று மோட்டாரும் சூடேறும்.

ஆத்தங்குடி_கல்லு: பெல்ட் வழுக்கினால் குங்கிலியப் பொடி தூவுங்கள், பிடித்துக்கொள்ளும்.

பள்ளத்தூர்_வயர்மேன்: அது பட்டை பெல்ட்டுக்கு. வீ பெல்ட்டில் போட்டுக் கெடுக்காதீர்கள்.

ஆத்தங்குடி_கல்லு: எங்கள் ரைஸ் மில்லில் அதுதான் போட்டார்கள்!

வோல்ட்சாமி: அந்த மில் இப்போது ஓடுகிறதா?

ஆத்தங்குடி_கல்லு: மில்லை மூடியதற்கும் பெல்ட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?

முகப்பு_விளக்கு: 43 ஹெர்ட்ஸ். பெல்ட் தொளதொள. எஞ்சினை நிறுத்தி இழுத்துக் கட்டினோம், எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரும் கொஞ்சம் ஏற்றியாச்சு. இப்போது 50, 226 வோல்ட். சமையல்காரர் கிரைண்டர் கேட்கிறார், வருகிறேன்.

கண்டனூர்க்காரன்: ஏவிஆர் இருக்கிறதா இல்லையா, கடைசிவரை சொல்லவே இல்லையே?