1946 லீக்: வெம்ப்ளியின் பட்டம் வீரர் பங்கீட்டால் வந்ததா?

கரித்தடம்:
ஸ்பீட்வே, அதாவது கரி பரப்பிய நீள்வட்டத் தடத்தில் நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயம், இரண்டாம் உலகப் போர் முடிந்து பிரிட்டனில் கண்ட முதல் முழுப் பருவம் 1946. நேஷனல் லீக்கில் வெம்ப்ளி, மான்செஸ்டரின் பெல் வியூ, விம்பிள்டன், வெஸ்ட் ஹாம், நியூ கிராஸ், பிராட்ஃபோர்ட் ஓட்சல் என்று ஆறே அணிகள். வீரர் பற்றாக்குறையால் ஸ்பீட்வே கட்டுப்பாட்டு வாரியம் எல்லோரையும் ஒரே தொகுப்பில் போட்டு, தரம் பிரித்து அணிகளுக்குப் பங்கிட்டது. பெல் வியூவில் 1933 முதல் ஓட்டிய பில் கிட்சன் வெம்ப்ளிக்குப் போனார், கேப்டனும் ஆனார். வெம்ப்ளி பட்டம் வென்றது, பெல் வியூ இரண்டாம் இடம். கிட்சன் மான்செஸ்டரிலேயே இருந்திருந்தால் பட்டமும் அங்கேதான் இருந்திருக்கும் என்பது என் கட்சி.

நிலாமதி:
கணக்கில் பாதியை விட்டுவிட்டீர்கள். கிட்சன் போன அதே பங்கீட்டில் பெல் வியூவுக்கு ஜாக் பார்க்கர் வந்தார். போருக்கு முன் ஹாரிங்கே அணியில் ஓட்டியவர், 1946இல் ஹாரிங்கே தடம் திறக்கவில்லை. பார்க்கரைப் பெற்ற அணியை ஏமாந்த அணி என்று சொல்ல முடியுமா? அந்த ஆண்டு லீக்குக்கு வெளியே நடந்த அணிப் போட்டிகளான ஏசியூ கோப்பையும் நேஷனல் டிராஃபியும் பெல் வியூவுக்குத்தான் போயின. வெம்ப்ளி இழந்ததையும் பாருங்கள். ஃபிராங்க் சார்ல்ஸ் 1939இல் கிளைடர் விபத்தில் இறந்தார். 1936 உலகச் சாம்பியன் லயனல் வான் பிராக் 1946இல் அணியில் இல்லை. கிட்சன் வந்தது அந்தப் பள்ளத்தை நிரப்ப.

பட்டறைக்காரன்:
நட்சத்திரங்களை வைத்துப் பேசுவதற்கு முன் ஆட்டத்தின் அமைப்பைப் பாருங்கள். ஒரு லீக் ஆட்டம் 14 ஹீட், அதாவது 14 குறும்பந்தயம். ஹீட்டுக்கு அணிக்கு இருவராக நான்கு பேர், நான்கு சுற்று, புள்ளி 3-2-1-0. மொத்தம் 84 புள்ளி, 43 எடுத்தால் வெற்றி. அணியில் எட்டுப் பேர்: ஆறு பேருக்கு நான்கு ஓட்டம், இரண்டு ரிசர்வுக்கு இரண்டிரண்டு. முதல் நிலை வீரர் நான்கையும் வென்றாலும் 12 புள்ளிதான். மீதி 31 எங்கிருந்து வரும்? மற்ற ஏழு பேரிடமிருந்து, குறிப்பாக அணி வரிசையில் மூன்றாம், நான்காம் நிலை வீரர்களிடமிருந்து. பங்கீடு மேல்தட்டைச் சமன் செய்தது. வெம்ப்ளியில் டாமி பிரைஸ், ஜார்ஜ் வில்க்ஸ் இருவரும் போருக்கு முன்பிருந்தே அதே அணியின் ஆட்கள். அந்த ஆண்டு உலக இறுதிப்போட்டிக்குப் பதிலாக நடந்த பிரிட்டிஷ் ரைடர்ஸ் சாம்பியன்ஷிப்பை வென்றதும் பிரைஸ்தான், கிட்சன் அல்ல.

கரித்தடம்:
12 புள்ளி என்று நிறுத்திவிட்டால் எப்படி? கிட்சனின் பலம் தன் புள்ளியில் இல்லை, ஜோடி ஓட்டத்தில் இருந்தது. தொடக்கக் கோட்டில் கட்டிய டேப் எழும்பியதும் முதல் வளைவில் முன்னால் வந்துவிடுவார். பிறகு கோட்டைச் சற்று அகலமாக எடுத்து, த்ராட்டிலைக் கொஞ்சம் விட்டு, உள்ளே கூட்டாளிக்கு வழி கொடுப்பார். எதிராளி வெளிப்பக்கம் போனால் வேலியோரம் தளர்ந்த கரியில் சக்கரம் சறுக்கும், உள்ளே வந்தால் கூட்டாளியின் பின்சக்கரம் நிற்கும். ஹீட் 5-1. அதே கூட்டாளி கடைசியில் வந்திருந்தால் 3-3. ஒரு ஹீட்டில் 4 புள்ளி இடைவெளி என்பது, சாதாரண ஆட்டத்தில் வெற்றி தோல்வியையே மாற்றிவிடும். இதை யாருடைய தனிக்கணக்கிலும் காண முடியாது.

நிலாமதி:
அது ஏற்கத்தக்க வாதம். ஆனால் அந்தக் கூட்டாளி டேப்பிலிருந்து சரியாக எழும்பியிருக்க வேண்டுமே. 1953 வரை பாருங்கள்: 1946, 47, 49, 50, 51, 52, 53 என்று ஏழு பட்டங்கள் வெம்ப்ளிக்கு. 1946இன் ஒரு பங்கீடு 1953இல் புள்ளி கொடுக்குமா?

பட்டறைக்காரன்:
சொந்தத் தடம் என்ற காரணத்தை இருவருமே தொடவில்லை. நியூ கிராஸ் 262 கஜம், பெல் வியூ 418 கஜம். நான்கு சுற்றுக்கு 1048, 1672. ஒரே வண்டியை இரண்டிலும் ஒரே கியரில் ஓட்ட முடியாது. வண்டியில் கியர்பாக்ஸே கிடையாது, பிரேக்கும் கிடையாது. சிலிண்டர் விட்டம் 80 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 99 மி.மீ. கொண்ட ஜேப் நிறுவன எஞ்சின், எரிபொருளாக மெத்தனால், ஒரு கிளட்ச், இடையில் ஒரு கவுண்டர்ஷாஃப்ட் என்ற இடைத்தண்டு. கியர் விகிதத்தை மாற்றச் சங்கிலி ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டை மாற்ற வேண்டும். பின்சக்கரத்தில் பற்கள் குறைவாக வைத்துச் சின்னத் தடத்துக்குப் போனால் டேப்பில் எஞ்சின் மூச்சுத் திணறும், முதல் வளைவிலேயே கடைசி ஆள். அதிகமாக வைத்துப் பெரிய தடத்துக்குப் போனால் நேர்வழி முடியும் முன்பே எஞ்சின் சுழற்சியின் உச்சியைத் தொட்டுவிடும், அதற்கு மேல் வேகம் ஏறாது. தண்ணீர் தெளித்த தடமா, காய்ந்த தடமா என்று பார்த்து ஓரிரு பல் கூட்டிக் குறைப்பது சொந்த வீரனுக்குப் பழக்கம், வந்தவனுக்கு ஊகம்.

கார்புரேட்டரும் அப்படித்தான். மெத்தனாலுக்குக் காற்று-எரிபொருள் விகிதம் 6.4க்கு 1, பெட்ரோலுக்கு 14.7க்கு 1. அதனால் எரிபொருள் பாயும் துளையான ஜெட் பெரிதாக இருக்க வேண்டும். எரிபொருளைச் சற்றே சிக்கனமாக வைத்துவிட்டால் சூடேறி பிஸ்டனில் ஓட்டை விழும். கலவையில் எரிபொருள் செழிப்பாக இருந்தால் கொஞ்சம் சக்தி போகும், அவ்வளவுதான். வெளியூரில் சந்தேகம் வந்தால் செழிப்பாக வைப்பதே உத்தமம். எஞ்சின் எண்ணெயும் திரும்பி வருவதில்லை, ஒருமுறை சுற்றி வெளியேறிவிடும். பம்பைச் சரிபார்க்காமல் டேப்புக்கு வந்தால் நான்காம் சுற்றைக் காண்பது சந்தேகம்.

கரித்தடம்:
தடம்தான் காரணம் என்றால் எல்லா அணிக்கும் சொந்தத் தடம் இருந்ததே. ஒவ்வொரு அணியும் மற்ற ஐந்தையும் வீட்டில் இரண்டு, வெளியில் இரண்டு சந்தித்து 20 ஆட்டம் ஆடியது. பெல் வியூ போர்க்காலம் முழுக்க மூடாமல் பந்தயம் நடத்திய தடம். பழக்கத்தில் அவர்களைவிட யாருக்கு மேன்மை?

நிலாமதி:
போர்க்காலத்தில் பெல் வியூவில் ஓட்டியவர்கள் எல்லா அணிகளிலிருந்தும் வந்தவர்கள். அந்தப் பழக்கம் ஆறு அணிக்கும் பகிர்ந்து போயிற்று.

பட்டறைக்காரன்:
1948ஐ எடுங்கள். ஒலிம்பிக்குக்காக அரங்கை விட்டுக்கொடுத்த வெம்ப்ளி, சொந்த ஆட்டங்களில் சிலவற்றை விம்பிள்டனில் நடத்த வேண்டியதாயிற்று. 47க்கும் 49க்கும் நடுவில் பட்டம் கைவிட்டுப் போன ஒரே ஆண்டு அது. வென்றது 262 கஜத் தடம் வைத்திருந்த நியூ கிராஸ். கரித்தடம் ஐயா, அந்த ஆண்டும் கிட்சன் வெம்ப்ளியில்தான் இருந்தார்.